ஸ்டெல்லாவின் டீமும் என் கர்ச்சீப்பும்

பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பக்கத்து டீம் சிரிப்பதை மட்டும் பொறுக்கவே முடியாது.

இரண்டாயிரத்தின் தொடக்கம். பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் ப்ராஜெக்ட் மேனேஜர். எதிர் வரிசையில் இன்னொரு மேனேஜர், லிங்கராஜபுரத்து ஸ்டெல்லா. தன் டீமில் யாருக்குக் காய்ச்சல், யாரைப் பெண் பார்க்க வருகிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். வேலையும் சொன்ன தேதிக்கு முடியும். என் டீமோ என்னைக் கண்டதும் கம்ப்யூட்டரை முறைக்கும். பிறர் உணர்வைப் புரிந்து வேலை வாங்குவது எப்படி என்று கம்பெனி ஒரு வகுப்பு நடத்தியது. அதிலும் உதாரணம் ஸ்டெல்லாதான். (மதியம் பிரியாணி. எனக்கு இறங்கவில்லை.)

மறுநாள் காலை என் டீம் முருகேஷ், கண் சிவந்து நீர் வழிய, நேராக ஸ்டெல்லாவிடம் போய்க்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை என்னிடம், அழுகை அங்கேயா? பாய்ந்து மறித்து மீட்டிங் ரூமுக்கு இழுத்துப் போனேன்.

"எங்கிட்ட சொல்லு முருகேஷ். வீட்ல பிரச்சினையா?"

"இல்ல சார், கண்ணு..."

"அழுதுடு. வெக்கப்படாத."

குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும் என்பது வகுப்பில் முதல் பாடம். (அப்போது நான் பிரியாணியை முறைத்துக்கொண்டிருந்தேன்.) என் கர்ச்சீப்பால் அவன் கண்ணைத் துடைத்தேன். எனக்கும் கண் கலங்கியது. அதே கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டேன். பிறகு மொத்த டீமையும் கூப்பிட்டு, ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வைத்தேன்.

கடைசியில்தான் அவனுக்குப் பேச இடம் கிடைத்தது.

"சார், இது மெட்ராஸ் ஐ. ஸ்டெல்லா மேடம்கிட்ட சொட்டு மருந்து இருக்குன்னாங்க, அதான் போனேன். உங்ககிட்ட லீவு கேட்டா திட்டுவீங்க."

அந்த வாரமே என் டீம் மொத்தமும் வீட்டில் படுத்தது. க்ளையண்ட் வரும் வாரம் அது. வேலையை ஸ்டெல்லாவின் டீம்தான் முடித்துக் கொடுத்தது. கறுப்புக் கண்ணாடியோடு கிடந்த என்னை அவர் போனில் விசாரித்தார்.

"பாஸ்கர், கண்ணு எப்படியிருக்கு? டென்ஷன் ஆகாதீங்க, நாங்க பாத்துக்கறோம்."

இவ்வளவு அன்பாகப் பேசினால் மனுஷன் எப்படித் தாங்குவான்? பொறாமையில் நிஜமாகவே அழுதேன். எரிச்சல் இரண்டு மடங்கானது. பக்கத்தில் இருந்த என் மனைவிக்கும் மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொண்டது.

இன்றும் கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பும்போது யாராவது கண் கலங்கினால், என் மனைவி முதலில் என் பாக்கெட்டில் இருக்கும் கர்ச்சீப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள்.

"நீங்க சும்மா உக்காருங்க," என்கிறாள். "அவங்க ஆளுங்களே அழுதுக்குவாங்க."