மன்னர் முகம் போட்ட துண்டு

தண்ணளி நாடு என்று ஒரு நாடு. எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் சொல்பவனுக்கும் தொந்தரவு, கேட்பவனுக்கும் தொந்தரவு.

ஆணும் பெண்ணும் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நடந்த நாடு அது. வழியில் ஏதாவது உயிர் விழுந்து கிடந்தால், மனிதனோ மாடோ காக்கையோ, முதலில் பார்க்கிறவர் தம் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் போட வேண்டும். போட்ட நிமிடத்திலிருந்து அந்த உயிர் அவர் பொறுப்பு. அது எழுந்து நடக்கும்வரை, அல்லது கண்ணை மூடும்வரை, துண்டைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த உயிருக்கு உடையவர் மட்டும் போடக்கூடாது. அவர்தான் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கிறாரே! கூட ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக வந்த வழக்கம் அது. யாராவது வெறுந்தோளோடு போனால், "யாருக்குப் போட்டீங்க?" என்று ஊர் மரியாதையாக விசாரிக்கும்.

அங்கே மன்னரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் அதே மன்னரை. அப்படி ஓட்டுக் கேட்டு வீதியில் வந்த மன்னர், பல பேர் வெறுந்தோளோடு நிற்பதைப் பார்த்துவிட்டார். தேரிலேயே கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஐயோ, என் மக்களுக்கு ஒரு துண்டுக்குக்கூட வழியில்லையா!"

பக்கத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் சொன்னால், மன்னருக்கு ஒன்று தெரியாது என்று ஆகிவிடும். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுவாரமே வீடு வீடாகத் துண்டுகள் வந்து இறங்கின. நல்ல துண்டுகள்தான். ஒவ்வொன்றின் நடுவிலும் மன்னர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முகம் இருந்தால் மரியாதை வேண்டுமே. மன்னர் முகத்தை மிதித்தால் ராஜத்துரோகம் என்று ஒரு சட்டம் வந்தது. போட்ட துண்டை வேறு யாரும் நகர்த்தினால், அது மக்களின் அன்பை அவமதிக்கும் குற்றம் என்று அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இரண்டுக்கும் மக்கள் கைதட்டினார்கள். வீட்டில்தான் துண்டு மலையாகக் கிடக்கிறதே!

உப்பு வண்டிக்காரன் மாரப்பனும் கைதட்டியவன்தான். போன வாரம் செக்கடியில் ஒரு நாய் காலொடிந்து கிடந்தது. மாரப்பன் ஒரு புதுத் துண்டை அதன் பக்கத்தில் விரித்தான். ஏற்கெனவே அங்கே நிறையத் துண்டுகள் கிடந்தன. பரவாயில்லை, நம் ஊரில் ஈரம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வண்டியை ஓட்டிப் போய்விட்டான்.

இப்போது சந்தைத் தெருவில், உச்சி வெயிலில், அவனுடைய செவலை எருது வண்டியோடு மடங்கி விழுந்தது.

வெற்றிலைக் கடைக் குப்பண்ணன்தான் முதலில் ஓடிவந்தார். துண்டை உதறி எருதின் முகத்துக்கு நேரே விரித்தார். மாரப்பனுக்கு உயிர் வந்தது.

"குப்பண்ணா, இந்த நுகத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. மாட்டை அவுத்துடறேன்."

"அதான் துண்டு போட்டுட்டனே, மாரப்பா."

"போட்டீங்க. அதனாலதான் பிடிங்கங்கறேன்."

"அட, புதுத் துண்டுப்பா! கஞ்சிகூடப் போகலை." குப்பண்ணன் எருதைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாரப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் செய்தது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. தனியாகவே மல்லுக்கட்டி எருதை அவிழ்த்தான். அதன் நாக்கு வெளியே தொங்கியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினான்.

திரும்பி வந்தபோது, எருதைச் சுற்றித் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துண்டுகள். போகிறவர் வருகிறவர் எல்லாம் போட்டிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் மன்னர் சிரிக்கிறார். நடுவில் செவலை மூச்சு வாங்குகிறது. கால் வைக்க இடமில்லை.

"எல்லாருக்கும் எவ்வளவு பாசம் பாரு!" என்று யாரோ சொன்னார்கள். உண்மைதான். மாரப்பனுக்கே கண் கலங்கியது. ஆனால் தண்ணீரை எப்படிக் கொண்டுபோவது?

காவலர் ஒருவரிடம் கேட்டான். அவர் மேலே கேட்டார். மேலே இருந்தவர் இரக்கத்துறை அமைச்சரையே அழைத்துவந்துவிட்டார். அமைச்சர் பட்டு அங்கி, அதன் மேல் ஜரிகைப் போர்வை, தலையில் பெரிய பாகையோடு வந்து இறங்கினார்.

"ஆகா! ஓர் எருதுக்கு இத்தனை அன்பா! உலகில் வேறெந்த நாட்டிலாவது காண முடியுமா?"

"சாமி, மாட்டுக்குத் தண்ணி காட்டணுமுங்க. ஓரமா நாலு துண்டை நகர்த்திக்கலாமுங்களா?"

"அன்பை நகர்த்துவதா?" அமைச்சர் அதிர்ந்தார். "அது இருக்கட்டும். நீ யார் சார்பில் தண்ணீர் கொடுக்கப் போகிறாய்?"

"என் மாடுங்க."

"உடையவன் துண்டு போடக்கூடாது என்பது நம் முன்னோர் வகுத்த வழக்கம். துண்டு போடாதவன் பொறுப்பாளி அல்ல. பொறுப்பில்லாத ஒருவன் கையில் இவ்வளவு பெறுமதியான உயிரை ஒப்படைக்க அரசு முட்டாளா?"

"அப்போ துண்டு போட்டவங்க யாராச்சும் குடுக்கட்டுமுங்க."

"எல்லோரும் போட்டிருக்கிறார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் அன்பு குறைந்தது என்றாகும். இதற்கு ஒரு குழு அமைக்கப்படும். குழு கூடும்வரை எருது பொறுமை காக்க வேண்டும்."

மாரப்பன் தலையைச் சொறிந்தான். ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் இருந்தது. எல்லாம் சேர்ந்தபோதுதான் என்னவோ இடித்தது. செவலை தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. அவனைத் தேடி அதன் கண் மட்டும் சுழன்றது. சட்டென்று அவனுக்குச் செக்கடி நாயின் நினைவு வந்தது. அதற்கு யார் தண்ணீர் காட்டியிருப்பார்கள்? எல்லோரும் துண்டு போட்டிருந்தார்களே. அவனும்தான் போட்டானே. அடப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

பிறகு அவன் மன்னரின் மூக்கின் மேல் கால் வைத்தான்.

கூட்டம் "ஐயையோ!" என்றது. மாரப்பன் நின்றால் பயந்துவிடுவோம் என்று நிற்கவில்லை. நெற்றி, கன்னம், பல்வரிசை என்று மிதித்துக்கொண்டே போய் எருதின் தலையை மடியில் வைத்துத் தண்ணீரைப் புகட்டினான். முதல் வாய் வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே போனது.

"பிடியுங்கள் அந்தத் துரோகியை!" என்று அமைச்சர் கத்தினார்.

காவலர்கள் பாய்ந்தார்கள். முதல் துண்டின் விளிம்பில் அப்படியே நின்றார்கள்.

"எப்படிங்கய்யா போறது? மிதிக்கணுமே."

அமைச்சருக்கு வேறு வழியில்லை. விளிம்பில் நின்றபடியே கூட்டத்தைப் பார்த்து உரையாற்றத் தொடங்கினார். உயிர்களின் மேன்மை, அரசின் கருணை, மாரப்பனுக்குக் கிடைக்கப்போகும் தூக்குமேடை என்று பேச்சு நீண்டது. வெயிலும் நீண்டது. பட்டு அங்கிக்குள் என்ன நடந்ததோ, "கருணை என்பது" என்று ஆரம்பித்தவர் அதை முடிக்காமலே சாய்ந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மக்களுக்கு அமைச்சர் என்றும் எருது என்றும் பேதமில்லை. நொடியில் துண்டுகள் பறந்தன. முதலில் போட்டவர்கள் காவலர்கள்தான். அமைச்சரைச் சுற்றி மன்னர் முகங்கள் பரவி, எருதைச் சுற்றியிருந்த முகங்களோடு சேர்ந்துகொண்டன. அமைச்சரின் வாய் தண்ணீர், தண்ணீர் என்று அசைந்தது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். யாரும் நகரவில்லை.

மாரப்பன் குடத்தை ஆட்டிப் பார்த்தான். அடியில் கொஞ்சம் இருந்தது. செவலை இன்னும் குடிக்கக் கேட்டது. அவன் எருதைப் பார்த்தான், அமைச்சரைப் பார்த்தான். தன்னைத் தூக்கில் போடச் சொன்ன வாய் அது. கிடக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த வாயும் இப்போது மாட்டு வாய் போலவே காய்ந்து கிடந்தது. இதென்னடா வம்பு என்று முனகிக்கொண்டே எழுந்தான்.

"குப்பண்ணா! நான் அந்தாளைப் பார்க்கணும். என் செவலைய யாராச்சும் பார்த்துக்குங்க. இன்னும் ஒரு குடம் தண்ணி வேணும்!"

அவன் மன்னர் முகங்களின் மேல் நடந்து அமைச்சரிடம் வந்தான்.

"யாரு சொல்லிடா போறே?" என்று ஒரு காவலர் கேட்டார். மிரட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க."

அமைச்சரின் பாகையைக் கழற்றி, போர்வையை உருவி, இருந்த தண்ணீரை வாயில் விட்டான். அவர் இருமிக் கண் திறந்தபோது, பின்னால் சேலை சரசரப்பது போல் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினான். குப்பண்ணன் இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் தம் காலையே திருட்டுப் பார்வை பார்த்தபடி, துண்டுகள் சுருள, நேரே செவலையிடம் போனார்.

"முதல்ல போட்டது நான்தானேப்பா," என்றார்.

மாலையில் செவலை எழுந்தது. அது யார் முகம் என்று பார்க்காமல் மிதித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தது.

மறுநாள் அரண்மனை அறிவித்தது: மக்கள் போட்ட துண்டுகளால் அமைச்சர் உயிர் பிழைத்தார். அந்த மகிழ்ச்சியில் எல்லோருக்கும் இன்னும் ஒரு துண்டு, முன்பைவிடப் பெரியது. மாரப்பனை மன்னித்ததாகவோ தண்டித்ததாகவோ அதில் ஒன்றும் இல்லை. என்ன செய்வது என்று அவர்களுக்கும் புரியவில்லை போலும்.

துண்டு வாங்க வரிசை நீண்டு நின்றது. வாங்கிய ஒரு பெண்மணி ஓரமாகப் போய், அதைத் தரையில் விரித்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். மெதுவாக ஒரு காலை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு காலையும் வைத்தாள்.