களிக்குள் மோதிரம்

எங்கள் கம்பைநல்லூர்ப் பக்கம் களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டிக் குழம்பில் புரட்டினால் தானாகவே தொண்டைக்குள் இறங்கிவிடும். மென்று தின்னும் பழக்கம் மட்டும் எனக்கு இருந்திருந்தால், பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று கத்தியிருக்க மாட்டேன்.

எண்பதுகளில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. மாதா கோயிலில் அக்கா அவருக்குப் போடவேண்டிய மோதிரம் விரலுக்குச் சேருமா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். (வேறு ஆள் இருந்திருந்தால் என்னை ஏன் அனுப்பப் போகிறார்கள்?) நான் அதுவரை தருமபுரியைத் தாண்டியதில்லை. பெங்களூரில் பிஸ்கட்டில் மயக்க மருந்து வைத்துக் கொடுப்பார்கள் என்று ஊரே சொல்லிப் பயமுறுத்தியது.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு களி உருண்டைகளில் ஒன்றுக்குள் மோதிரத்தைப் புதைத்து, மேலே விரலால் சிலுவை போட்டு, கருவாட்டுக் குழம்போடு டிபன் டப்பாவில் அடைத்தார். "எந்தத் திருடன்டா களியப் பிசைஞ்சு பாப்பான்? சிலுவை போட்டதத் தொடாத. எவன் எது குடுத்தாலும் வாயில வெக்காத."

பெங்களூரில் இறங்கினேன். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. டிபன் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊருங்க தம்பி?"

நான் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன்.

"பசிச்ச மொகமா இருக்குது. இந்தாங்க, தின்னுங்க."

பிஸ்கட்! எனக்கு உயிரே போய்விட்டது. என்னிடம் சாப்பாடு இருக்கிறது என்று காட்ட அவசரமாக டப்பாவைத் திறந்தேன். கண் அவர்மேல், கை களிமேல். ஒரு உருண்டையை உள்ளே தள்ளினேன். தொண்டையில் ஏதோ உறுத்தியது. கருவாட்டு முள் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தேன்.

பிறகுதான் குனிந்து பார்த்தேன். மிச்சமிருந்த உருண்டையில் சிலுவையைக் காணோம். பஸ் குலுக்கிய குலுக்கலில் குழம்பு ஏறி எல்லாம் அழிந்திருந்தது. பிசைந்தேன். உள்ளே மோதிரமும் இல்லை. அக்கா கல்யாணமே நின்றுபோன மாதிரி கண் இருட்டியது.

"ஐயோ, திருடன்! மோதிரம் போச்சு!"

கூட்டம் கூடியது. போலீஸ்காரர் வந்து பெரியவரின் பையைக் கொட்டினார். ஒரு துண்டும் மிச்ச பிஸ்கட்டும்தான் விழுந்தன. மோதிரத்தைக் களிக்குள் வைத்த கதையை அழுதுகொண்டே சொன்னேன். பெரியவர் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"களி எத்தனைங்க இருந்துச்சு?"

"ரெண்டு."

"இப்ப?"

"ஒண்ணு."

"அப்பத் திருடன் உங்க வயித்துலதானுங்க ஒளிஞ்சிருக்கறான்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். அவருக்கும் முழுக் கதையையும் பெரியவரே சொன்னார். பிறகு என் கையில் அந்த பிஸ்கட்டைத் திணித்தார்.

"இப்பவாவது தின்னுங்க தம்பி. நல்லா மென்னு தின்னுங்க."

மாப்பிள்ளை ஒரு தார் வாழைப்பழம் வாங்கினார். கல்யாணத்துக்கு முன்பே மோதிரம் உயிர்த்தெழுந்துவிட்டது. (எப்படி என்று கேட்காதீர்கள்.) விரலுக்கும் சரியாக இருந்தது. கோயிலில் சாமியார் அதைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தபோது, "இன்னும் கொஞ்சம் தெளிங்க சாமி" என்று அக்கா முணுமுணுத்தது முன்வரிசை வரை கேட்டது.

அந்த மாப்பிள்ளை மாமாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றும் கிறிஸ்துமஸ் விருந்தில் நான் இலை முன்னால் உட்கார்ந்தால், அவர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

"மச்சான் சாப்புட உக்காந்துட்டாருங்க. எல்லாரும் அவங்கவங்க நகையப் பாத்துக்குங்க!"