இடப்பக்கம் எத்தனை சுற்று?

எங்கள் ஜீப்பின் இடப்பக்க ஸ்டியரிங் தண்டின் நுனியில் இருந்த பழைய மூட்டு எத்தனை சுற்றில் கழன்று வந்தது?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. அதை எண்ணுவதற்கென்றே ஒரு முக்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டவள் நான். ஆறாம் ஏழாம் தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவளும் நான்தான். (என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதை வாசித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பின்னங்களை ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.)

எங்கள் வீடு உக்குவளையில். என் கணவர் ரவி மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். மூட்டை ஏற்றவும் குடும்பம் ஏற்றவும் எங்களுக்கு இருப்பது அந்த ஒரே ஜீப்தான். அதற்கு என் வயதில் முக்கால்வாசி இருக்கும். சென்ற வருடம் அதன் முன்பக்கம் குழியில் இறங்கும்போதெல்லாம் பாத்திரக்கடை சரிந்த மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. ஸ்டியரிங்கும் கை நடுக்கம் வந்த மனிதரைப்போல ஆடியது. கராஜ் மெக்கானிக் பாஸ் படுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கத்து சொக் அப்சோபரும் ரப்பர் புஷ்ஷும் ஸ்டியரிங் மூட்டுகளும் மாற்றவேண்டும் என்றார். ஆனால் இரண்டு வாரத்துக்கு அவருக்கு நேரமில்லை.

எங்களுக்கோ இருந்தது நான்கே நாள். போயா தினமான, அதாவது பௌர்ணமி விடுமுறையான புதன்கிழமை, கணவரின் தம்பி தினேஷுக்குப் பரிசம் போட நாங்கள் எல்லாரும் பல்லேபொலைக்குப் போகவேண்டும்.

பெண்ணின் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சம்பந்தம் பேசப் போனபோது மாப்பிள்ளையின் படிப்பையோ வேலையையோ அவர் பெரிதாக விசாரிக்கவில்லை. நிதானமான பையனா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்றாராம். அதற்கு முன் வந்த ஒரு மாப்பிள்ளையை, மோட்டார் சைக்கிள் டயர் தேய்ந்திருந்த காரணத்துக்காகவே தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியவர் அவர். தினேஷுக்கு அந்தப் பெண் சுகந்திமேல் எவ்வளவு விருப்பம் என்றால், அந்தக் கதையைக் கேட்ட அன்றே தன் சைக்கிளுக்குக்கூட புது டயர் போட்டான்.

அதனால் ஜீப்பை வீட்டிலேயே சரிசெய்வதென்று அண்ணனும் தம்பியும் முடிவெடுத்தார்கள். கணவர் இரண்டு நாள் போனில் வீடியோ பார்த்தார். மூன்றாம் நாள் அவரே வீடியோ போடுகிறவர் மாதிரிப் பேசினார். அத்தோடு நின்றாரா? பெண்ணின் அப்பாவுக்கு போன் செய்து, முன்பக்கம் முழுக்க நாங்களே மாற்றுகிறோம், இடப்பக்கம் முழுப் பொறுப்பும் தம்பிதான் என்று பெருமை அடித்துவிட்டார். (தம்பியை உயர்த்துவதற்காகச் சொன்னது. அது எப்படித் திரும்பியது என்று பாருங்கள்.)

செவ்வாய்க்கிழமை காலை வேலை தொடங்கியது. சொக் அப்சோபர்கள் சண்டை பிடித்தாலும் வந்துவிட்டன. பிறகு ஸ்டியரிங் மூட்டு. அது மரை வைத்த சாமான், தண்டிலிருந்து சுற்றிச் சுற்றிக் கழற்றவேண்டும். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொண்டு, புதியதை அதே அளவு சுற்றிப் போட்டால் சில்லு, அதாவது சக்கரம், ஏறக்குறைய நேராக நிற்கும் என்றார் கணவர். பெயின்டில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

"பெயின்ட் எதுக்கு? வீட்ல கணக்கு டீச்சர் இருக்கறப்ப."

முக்காலி வந்தது. என் மடியில் மூன்று வயது மகள் நிவி. கையில் கொப்பியும் பென்சிலும். வலப்பக்கத்தைக் கணவர் கழற்றினார், பதினேழு சுற்று. எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். பிறகு அவர் சொக் அப்சோபர் நட்டுகளை இறுக்கப் போக, இடப்பக்கத்துக்குத் தினேஷ் வந்து குந்தினான். அவன் சுற்ற, நான் சத்தமாக எண்ண, நிவியும் என்னோடு சேர்ந்து எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று.

அப்போது உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். பரிசத் தட்டு மொத்தம் எத்தனை என்று கேட்டார். அன்றைக்கு அதே கேள்வி நான்காவது தடவை. தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்கவேண்டும், இரட்டைப்படை வந்தால் அபசகுனம் என்ற கவலையில் அவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

"பதினொன்னு, அத்தை" என்றேன்.

பழத்தட்டையும் சேர்த்தா என்றார். வெற்றிலை, மஞ்சள், பூ, சேலை என்று மனதுக்குள் ஒரு முறை ஓடிப்பார்த்து, ஆமாம் அத்தை என்றேன். திரும்பினால், பழைய மூட்டு தினேஷின் கையில் இருந்தது.

"எத்தனை அண்ணி?"

என் தலைக்குள் இரண்டு பதினொன்று நின்றன. எது தட்டு, எது சுற்று என்றே சில வினாடிகள் தெரியவில்லை. சுற்றுப் பதினொன்றுக்குப் பிறகு அவன் எத்தனை சுற்றினான்? நாலா, ஆறா, எட்டா? கவனிக்கவில்லை என்று சொல்ல ஒரே சொல் போதும். ஆனால் இரண்டு கோடு போட்ட கொப்பி மடியில் இருக்கிறது. நான் டீச்சர்.

வலப்பக்கம் பதினேழு, ஒரே ஜீப்தானே, இடப்பக்கமும் அதற்குக் கிட்டத்தான் இருக்கும் என்று யோசித்தேன். பதினாறாகவோ பதினெட்டாகவோ இருக்கலாமோ? இரட்டைப்படை. நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி. (எழுதும்போது கை கூசுகிறது. ஸ்டியரிங் மூட்டுக்கு நான் சகுனம் பார்த்தேன்.)

"பதினேழு."

தினேஷ் புதியதை எடுத்து, வாயை அசைத்து எண்ணிக்கொண்டு, மிகச் சரியாகப் பதினேழு சுற்றுச் சுற்றினான்.

வேலை முடிய மாலையாகிவிட்டது. ஒழுங்கை முனைவரை ஓட்டிப் பார்த்த கணவர், ஸ்டியரிங் கொஞ்சம் கோணலாக நிற்கிறது என்றார். வீல் எலைன்மென்ட் செய்கிற இடத்துக்கு போன் செய்தால் பூட்டிவிட்டார்கள். மறுநாள் போயா, திறக்கமாட்டார்கள். எண்ணிக்கை சரியென்றால் இருபது மைல் மெதுவாக ஓடலாம் என்றவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எண்ணுனது நீதானே? சரிதானே?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம் என்ற மாதிரி ஆட்டியதாக எனக்கு நினைவு. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் செய்தது அதைவிடக் கேவலம். நிவிக்கு ஜீப்பில் வாந்தி வருகிறது, நானும் அவளும் பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். அதாவது, என் பிள்ளைக்கு ஆபத்து என்று என் மனதுக்குத் தெரிந்த வண்டியில், என் கணவரும் கொழுந்தனாரும் மாமியாரும் போகலாம் என்று நான் நினைத்திருக்கிறேன். மாமியார் சம்மதிக்கவில்லை. பரிசத்துக்கு மூத்த மருமகள் பஸ்ஸில் வந்து இறங்குவதா என்று என்னைப் பிடித்து முன் கதவால் ஏற்றினார். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, சரியாக இடப்பக்கச் சில்லுக்கு மேலே உட்கார்ந்தேன். தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன்.

தார் றோட்டில் ஏறியதும் சத்தம் தொடங்கியது. டயர் இரண்டும் றோட்டோடு உரசி, ஒவ்வொரு வளைவிலும் நீளமாகக் கீச்சிட்டன. ஆடு எங்கே கத்துகிறது என்று மாமியார் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். போயா விரதமான சில் எடுக்க வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். ஸ்டியரிங்கைக் கால்வாசி திருப்பிப் பிடித்தால்தான் ஜீப் நேராகப் போனது. மெதுவாகப் போங்க என்று நான் ஏழு தடவை சொன்னேன். ஏழாவது தடவை எங்களை ஒரு த்ரீவீல் முந்திக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு கேற்றுக்கு வெளியிலேயே நின்றார். வரவேற்க அல்ல. சத்தம் கேட்டு வந்திருக்கிறார். கணவர் இறங்கிக் கும்பிட, அவர் பதிலுக்குக் கும்பிட்டபடியே சில்லுக்கு முன்னால் குந்திவிட்டார். மாமியாரும் பெண் வீட்டாரும் தட்டுகளை இறக்கி வரிசையாகத் திண்டில் வைக்க ஆரம்பித்தார்கள். அவர் தட்டுகள் பக்கமே திரும்பவில்லை.

"ஒரு சில்லு கண்டிப் பக்கம் பாக்குது, ஒரு சில்லு தம்புள்ளப் பக்கம் பாக்குது" என்றார். "இடப்பக்கம் செஞ்சது யாரு?"

யாரென்று அவருக்கு ஏற்கெனவே போனில் சொல்லியாயிற்று. தினேஷ் முன்னால் வந்தான்.

"நான்தான் மாமா."

அண்ணி சொன்ன கணக்கு என்று அவன் சொல்லவில்லை. குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் எண்ணாததை அவன் நேற்றே கவனித்திருந்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பொம்பளைங்களையும் சின்னப் புள்ளையையும் ஏத்திக்கிட்டு இதுலயா வந்தீங்க?" என்றார் அவர். "நான் கேட்டது ஒரே ஒரு விசயந்தானே தம்பி."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சோர்ந்துபோய்ச் சொன்னார். ஜன்னல் திரைக்குப் பின்னால் சுகந்தியின் கை தெரிந்தது. திரையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். அவர் வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார். அப்போதும் நான் பேசவில்லை. கணவர் ஏதாவது சொல்வார், பாட்ஸ் கடைக்காரர்மேல் பழி விழும், எப்படியோ சமாளித்துவிடலாம் என்று காத்திருந்தேன். வெட்கப்பட ஆயிரம் இருந்தாலும், அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

அந்த நேரம் பார்த்து, என் இடுப்பிலிருந்த நிவி திண்டிலிருந்த தட்டுகளை விரலால் காட்டி எண்ணத் தொடங்கினாள். எல்லாரும் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"ஒம்போது, பத்து, பதினொன்னு, பதினேழு."

அவள் நேற்று என்னிடம் கற்றுக்கொண்டது அதுதான். சிலர் சிரித்தார்கள். தினேஷ் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, உடனே கண்ணை எடுத்துக்கொண்டான்.

"எண்ணுனது நான்தான்" என்றேன். "பதினொன்னுக்குப் பிறகு எண்ணல. பதினேழுன்னு சும்மா சொன்னேன். தம்பி நான் சொன்னபடிதான் போட்டாரு."

முதலில் பேசியவர் மாமியார். அவருடைய கவலை வேறு.

"அப்ப தட்டு பதினொன்னுன்னு சொன்னது?"

அவரே ஒவ்வொரு தட்டாகத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு.

அபசகுனத்தை நீக்க அவர் பழத்தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கித் தேங்காய்த் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது, பெண்ணின் அப்பா திரும்பி வந்து என் முன்னால் நின்றார். உண்மையில் எத்தனை சுற்று இருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு மனைவியிடம் அளவு நாடாவும் ஒரு சாக்கும் கொண்டுவரச் சொல்லி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாங்க மாப்பிள்ள, படுங்க."

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் திரைக்குப் பின்னாலிருந்த கை துணியை விட்டது.

அளந்து, நட்டைத் தளர்த்தி, சுற்றி, மறுபடி அளந்து முடிக்கும்போது பன்னிரண்டே கால். ராகுகாலம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை, நாங்கள்தான் அது முடிய ஒன்றரை மணிவரை காத்திருந்தோம். சோறு ஆறிப்போனது. சுகந்தி மாப்பிள்ளையாக முதன்முதலில் பார்த்த தினேஷின் இடக்காதில் கிரீஸ் இருந்தது. பரிசப் படத்தில் இன்றும் இருக்கிறது.

ஜீப்புக்கு அடியிலிருந்து வந்தபோது பெண்ணின் அப்பா ஒன்று சொன்னார். புதிய மூட்டும் பழைய மூட்டும் ஒரே நீளமாக இருக்கும் என்று நிச்சயமில்லையாம், அதனால் சுற்றை மட்டும் நம்பக்கூடாதாம், நீளத்தை அளக்கவேண்டுமாம். அப்படியானால் பிழை என் பதினேழிலா, சாமானிலா? பழைய மூட்டுகளை அன்று காலையே இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. குற்றவாளியா இல்லையா என்றுகூடத் தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

தினேஷுக்கும் சுகந்திக்கும் கல்யாணம் நடந்துவிட்டது. தாலி கட்டுவதற்கு முன் தட்டுகளைச் சம்பந்தி வீட்டில் மூன்று பேர் எண்ணினார்கள். இன்றும் எங்கள் வீட்டில் தோசை எத்தனை, மிளகு மூட்டை எத்தனை என்று யார் கேட்டாலும், பதில் வந்த கையோடு சுகந்தி கேட்பாள்: "டீச்சர் எண்ணுனதா, வேற யாராச்சும் எண்ணுனதா?"

அதைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன். என்னால் தாங்க முடியாதது வேறு. நிவி இந்த வருடம் முன்பள்ளிக்குப் போகிறாள். அவளுக்குப் பதினொன்றுக்கு அடுத்தது பதினேழு. படிக்கட்டில் ஏறினாலும், தீக்குச்சி அடுக்கினாலும் அப்படித்தான். பன்னிரண்டு முதல் பதினாறுவரை நானும் பாட்டாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், கற்களை வைத்தும் காட்டிவிட்டேன். அம்மாதானே அப்படி எண்ணினீங்க என்கிறாள். முன்பள்ளி டீச்சர் போன வாரம் கூப்பிட்டு, பிள்ளைக்கு வீட்டில் யார் எண்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டார்.

"அவங்க அப்பா" என்றேன். (ஆமாம். மறுபடியும்.)

வாசிக்கிறவர்களில் சின்னப் பிள்ளைகளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் இருப்பீர்கள். நடுவில் காணாமல்போன ஐந்து எண்களை ஒரு பிள்ளையின் தலைக்குள் எப்படித் திரும்ப வைப்பது என்று தயவுசெய்து எழுதுங்கள். அந்த டீச்சரிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்பதற்கும் ஏதாவது வழி இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அவங்க அப்பாவும் வருகிறார்.