சலங்கையண்ணன் விட்ட லீவு

திருவிதாங்கூரில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடும் அதிகாரம் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் மகாராஜா. இன்னொருவர் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு அஞ்சல் பை சுமந்து ஓடிய எங்கள் சலங்கையண்ணன். இருவரில் தாராள மனசு யாருக்கு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், அண்ணனுக்குத்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. கையில் சலங்கை கட்டிய கோல், தோளில் பை, காலில் செருப்புக் கிடையாது. சலங்கைச் சத்தம் கேட்டால் மாட்டுவண்டி ஒதுங்கும், கல்யாண ஊர்வலம் ஒதுங்கும். அஞ்சலை வழிமறிப்பது சர்க்கார் குற்றம் என்பதால் அவரை நிறுத்தி யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. எங்கள் பிழைப்பே அந்தச் சட்டத்தில்தான் ஓடியது.

எங்கள் தலைமை ஆசிரியர் பெரிய சாருக்கு ஒரு வெறி. அந்த வருஷம் ஸ்காலர்ஷிப் பரீட்சையில் எங்கள் வகுப்பில் இருந்த ஐந்து பேரும் தேற வேண்டும். விடியுமுன் வாய்ப்பாடு, விளக்கு வைக்கும்வரை பூகோளம், ஞாயிற்றுக்கிழமை இரண்டும் சேர்த்து. தூக்கம் என்பது புத்தி இல்லாதவர்களுக்கு வரும் வியாதி என்று அவர் உறுதியாக நம்பினார்.

முதலில் மறை கழன்றவன் என் பக்கத்து இருக்கை நேசையன். கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு பயற்றை எண்ணுவான், மூன்றால் வகுப்பான், மீதி வந்தால் சாப்பிடாமல் எழுந்துவிடுவான். ஒருநாள் சார் அவன் அப்பா பெயரைக் கேட்டார். பயல் தெற்கிலிருந்து வடக்கே எல்லா ஆறுகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, அப்பா பெயர் மட்டும் வராமல் ஓவென்று அழுதான்.

"நல்ல அடையாளமாக்கும். மூளை நெறையுது" என்றார் பெரிய சார். இன்னும் ஒரு மாதம் போனால் இவன் தன்னையே மறந்துவிடுவான் என்று பயந்தேன்.

அந்த அழுகையை ஜன்னல் வழியாகப் பார்த்தபடிதான் சலங்கையண்ணன் ஓடினார். நாலு தென்னை தாண்டியதும் தலையைத் திருப்பாமல் கத்தினார்.

"பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கு லீவாக்கும்! கொட்டாரத்து ஆனைக்கு வயித்தெளக்கம்!"

பெரிய சார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "எலே, நில்லு! உத்தரவு எங்க?"

"அஞ்சலை நிறுத்தப்பிடாது சாரே! சட்டமாக்கும்!"

அரண்மனை யானை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பாடம் நடத்தினால் ராஜத்துரோகம் ஆகுமோ என்று சாருக்கு நடுக்கம். யானைக்காக எங்களைக் கண்மூடிப் பிரார்த்தனை செய்யச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். நேசையன் பலாமரத்தடியில் தூங்கி விழுந்தவன் சாயங்காலம்தான் எழுந்தான்.

அடுத்த வாரம் யானைக்கு வயிறு சரியானதற்கு லீவு. அதற்கடுத்த வாரம் பாகனுக்குக் கல்யாணம். பிறகு கல்யாணத்துக்குத் தன்னை அழைக்கவில்லை என்று யானை பிணங்கிக்கொண்டதற்கு இரண்டு நாள். நாலாவது லீவு முடிந்தபோது நேசையன் பயற்றை எண்ணாமல் தின்றான், அப்பா பெயரை அப்பாவின் வசைப்பெயரோடு சேர்த்துச் சொன்னான்.

ஒரு சந்தை நாளில் தாலுகா குமாஸ்தா ஒருவர், கொட்டாரம் எந்த லீவும் விடவில்லை என்ற உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். பெரிய சார் அஞ்சல் இலாகாவுக்கு மூன்று பக்கம் புகார் தயாரித்தார். கையெழுத்து அழகு என்று அதை நகல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. புகாரை அஞ்சலில்தானே அனுப்ப வேண்டும்? அது சலங்கையண்ணன் பைக்குள்ளேயே போயிற்று.

மறுநாள் அவர் பக்கத்திலேயே நானும் ஓடினேன்.

"அண்ணாச்சி, பையில ஒங்கள வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி ஒரு கடுதாசி உண்டு. நெய்யாத்துல எறிஞ்சிருங்க!"

"எழுதினது ஆருலே?"

"நானாக்கும்."

"எழுத்து நல்லாருக்கா?"

"இருக்கு."

"அப்பம் நனையாமப் போய்ச் சேரணும். அஞ்சல்ல கை வைக்கப்பிடாது மக்கா." ஓட்டம் கொஞ்சமும் குறையவில்லை. எனக்குத்தான் மூச்சு முட்டி, அழுதுகொண்டே வரப்பில் உட்கார்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் நடந்து வந்தார். அவர் நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. வகுப்புக்குள் வந்து என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒனக்க எழுத்துக்கு பதிலாக்கும், நீயே வாசி."

ஒரு மாதம் தற்காலிக வேலைநீக்கம், சம்பளம் கிடையாது என்று இருந்தது. பெரிய சார் என்னையே பார்த்தார்.

"லீவு குடுத்திருக்கு அண்ணாச்சி. ஒரு மாசம்."

"எனக்கா? எதுக்குலே?"

"ஓடி ஓடித் தளந்து போனீங்களாம்."

அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் புளுகியது அவருக்குப் புரிந்துவிட்டது. கோலைச் சுவரில் சாய்த்தார், நேசையன் இடம் விட்ட கடைசி பெஞ்சில் காலை நீட்டிப் படுத்தார். வெடிப்பு விழுந்த அந்தப் பாதங்களைப் பெரிய சார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் வந்து, "மெல்ல வாசியுங்கடே" என்று குசுகுசுத்தார். அன்று மத்தியானம் முழுவதும் ஐந்து பேரும் உதட்டை மட்டும் அசைத்து வாய்ப்பாடு சொன்னோம்.

பரீட்சையில் நேசையன் தேறினான், நான் தேறவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த மனிதருக்கு என் வாயால் ஒரு லீவு விட்டேன், எனக்கு அது போதும்.