பவுடர் வாங்கிய முந்நூறு எம்.எம். லென்ஸ்

வட சென்னையில் கடவுளைக் கும்பிடாதவர்கள் நிறையப் பேர் உண்டு. பவுடரின் கை முதுகில் படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. கேரம் பலகையில் தூவுகிற பவுடர் டப்பா ஒன்று அவர் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது, பட்டப்பெயர் அதனால் வந்தது. வலது உள்ளங்கை எப்போதும் வெளுத்திருக்கும். அந்தக் கையால் யாரையாவது தட்டாமல் அவரால் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாது. கல்மண்டபம் பக்கம், கறுப்புச் சட்டையின் முதுகில் ஐந்து வெள்ளை விரல்களோடு யாராவது பஸ்ஸுக்கு நின்றால், அவர் எங்கள் கேரம் கிளப்புக்கு வந்து திரும்புகிறார் என்று அர்த்தம். என்னிடம் ஒன்பது சட்டைகள் இருக்கின்றன. ஏழில் அவர் கை பதிந்திருக்கிறது. மற்ற இரண்டும் வெள்ளைச் சட்டைகள், அதனால் தெரியவில்லை.

தண்டையார்பேட்டை குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் வேறு ஊரில். வீட்டில் தூங்குவதோடு சரி, மற்ற நேரமெல்லாம் கிளப்தான். கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கயிறு குடோனுக்கு மேலே ஒரே ஒரு அறை, மூன்று கேரம் பலகைகள், ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கூரையில் ஆறு ஓட்டைகள். அவர் செயலாளர், நான் பொருளாளர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியே சம்பளம் வாங்கியவன் என்பதால் எனக்கு அந்தப் பதவி. பவுடர் என்னைக் கணக்கு சார் என்பார். மரியாதையாகச் சொல்கிறாரா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

கூரையை மாற்ற இரண்டு வருடம் சந்தா சேர்த்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் வைத்திருந்தோம். அந்தப் பணத்தில்தான் கேமரா வந்தது.

எங்கள் கிளப்பின் ஸ்டெல்லா, வட சென்னைக் கிளப்புகள் சேர்ந்து நடத்தும் பெண்கள் போட்டியில் மூன்று முறை ஜெயித்தவள். துணி கம்பெனியில் தையல் வேலை, மாலையில் பலகை. ஒவ்வொரு முறை ஜெயித்தபோதும் செல்போனில் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினோம். ஒரு முறைகூட வரவில்லை. நாலாம் வருடப் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் பவுடர் நிருபருக்கே போன் போட்டுவிட்டார். நிருபர் பொறுமையான மனிதர். நாலு தலை, ஒரு பலகை, இதைத்தான் வருடா வருடம் அனுப்புகிறீர்கள், யார் ஆடுகிறார், யார் வேடிக்கை பார்க்கிறார் என்றே தெரியவில்லை, ஆட்டம் மாதிரி ஒரு படம் வந்தால் கட்டாயம் போடுகிறேன் என்றார்.

அன்று மாலையே கூட்டம். விளையாட்டுப் படம் எடுக்கிற கேமராவும் லென்ஸும் வாங்க வேண்டும் என்றார் பவுடர். கூரை என்ன ஆவது என்று நான் கேட்டேன். அவர் எழுந்து நின்றார்.

"கிரிக்கெட்டுக்காரன் சும்மா நின்னுகினு கீறான், அவன் படம் அரைப் பக்கம் வருது. நம்ம பொண்ணு மூணு தபா கெலிச்சிகீது. கூரை ஒழுவுனா பக்கெட்டு வெச்சிக்கலாம் சார். மானம் ஒழுவுனா இன்னாத்த வெக்கிறது?"

நான் பொருளாளர் அல்லவா? படம் வராவிட்டால் என்று இழுத்தேன். எங்கள் கிளப்பில் நடக்கப்போகும் இந்த வருட ஃபைனலின் படம் பத்திரிகையில் வராவிட்டால் கூரைப் பணத்தைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, செயலாளர் பதவியையும் விட்டுவிட்டு, கிளப் படியையே மிதிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பணம்கூட எப்படியாவது புரட்டிவிடுவார். கிளப் படியை மிதிக்காமல் அந்த மனிதர் எங்கே போவார்?

பாரிமுனைப் பக்கம் பழைய கேமரா விற்கும் சந்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதல் கடையில் உண்மையைச் சொன்னோம். கடைப் பையன் சிரித்தான். கேரமுக்கு செல்போனே ஜாஸ்தி என்றான். பவுடரின் முகம் உள்ளங்கையைவிட வெளுத்துப் போனது. வெளியே வந்ததும், இனிமேல் எந்தக் கடையிலும் கேரம் என்ற வார்த்தையை நான் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

அடுத்த கடையில் இருந்த பாய் நல்ல மனிதர், வியாபாரம் தெரிந்தவர். டீ வரவழைத்துவிட்டு, என்ன விளையாட்டு என்று கேட்டார்.

"ஃபைனல்ஸு" என்றார் பவுடர்.

"அது சரி பெரியவரே. எவ்ளோ ஸ்பீடா நடக்கும்?"

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"கூட்டம் இருக்குமா, கிட்ட போய் எடுக்க முடியாதா?"

"கிட்டவா? ஒருத்தனும் நகர மாட்டான் பாய்."

"பகல்லதானே?"

"பகல்தான்."

ஒவ்வொரு பதிலும் சத்தியம். ஒரு பொய் கிடையாது. நான் வாயைத் திறக்கப் போனபோது என் கால்மீது அவர் செருப்பு ஏறியது. பாய் யோசித்துவிட்டுச் சொன்னார்: கையில் இருக்கிற பணத்தில் பெரும் பங்கைப் புது கேமராவில் கொட்டாதீர்கள், கேமரா இரண்டு மாடல் பழசாக இருந்தாலும் படம் வரும், மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள். தூரத்து ஆட்டத்துக்கு எழுபதிலிருந்து முந்நூறு எம்.எம். வரை போகிற இந்த ஜூம் போதும். இருட்டில் இது திணறும். இருட்டிலும் எடுக்கிற லென்ஸ் உங்கள் பட்ஜெட்டில் வராது. நல்ல வெயில் இருந்தால் இது தங்கம்.

கேமரா பதினாலாயிரம், லென்ஸ் பன்னிரண்டாயிரம். கேமராவோடு வரும் சின்ன லென்ஸ் வேண்டாம் என்று சொல்லி அதற்கும் ஆயிரம் குறைத்தார் பவுடர். அந்த ஆயிரத்தை நினைத்து நானே சந்தோஷப்பட்டேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை.

மறுநாள் கிளப்பில் ஒத்திகை. ஸ்டெல்லா பலகை முன் உட்கார்ந்தாள். பவுடர் பக்கத்தில் நின்று லென்ஸை நீட்டினார். எல்லாம் மங்கல். ஐந்தடிக்குள் இருக்கும் எதையும் அந்த லென்ஸ் பார்க்க மறுத்துவிட்டது. சுவரோடு சுவராக ஒட்டி நின்று மறுபடி எடுத்தார். கேமராவின் பின்பக்கத்தை எல்லோரும் எட்டிப் பார்த்தோம். படம் முழுக்க ஸ்டெல்லாவின் மூக்குத்தி. அதில் கல் ஒன்று உதிர்ந்திருப்பது உட்படத் தெளிவாகத் தெரிந்தது.

"இன்னா மாமு, கேரம் எடுக்கறியா, ஸ்கேன் எடுக்கறியா?" என்றாள் ஸ்டெல்லா.

கூட்டம் சிரித்தது. பவுடர் சிரிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். விற்ற பழைய சாமானைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். எடுப்பதாக இருந்தாலும், ஆட்டம் என்னவென்று அவரிடம் சொல்ல வேண்டியிருக்குமே. அதற்குக் கிளப்பை விட்டே போய்விடலாம் என்றார் பவுடர்.

பிறகு பதினைந்து நாள் அந்த லென்ஸோடு ராயபுரம் முழுக்கத் திரிந்தார். பவுடர் தூசி படாமலிருக்கக் குழந்தைகளின் குரங்குக் குல்லா ஒன்றை அதற்கு மாட்டியிருந்தார். மணலிச் சாலையில் ஓடும் டேங்கர் லாரிகளை எடுத்துப் பழகினார். மூன்றாவது தெருவில் எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று இங்கிருந்தே பார்த்து, போன் போட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னார். தூரத்தில் இருப்பதெல்லாம் அற்புதமாக வந்தது. கிளப் மட்டும்தான் பக்கத்தில் இருந்தது.

அதுதான் அவருக்கு வழி காட்டியது. ஒரு நாள் மாலை, கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே பின்னால் நகர்ந்து நகர்ந்து கதவைத் தாண்டினார். மாடிப்படி இறங்கினார். எதிர் வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தபடி தெருவில் நின்றார்.

எதிர் வீடு சரோஜாம்மாவுடையது. காய் அடிக்கிற சத்தத்தில் தன் தூக்கம் போகிறது என்று எங்கள்மீது நான்கு முறை புகார் கொடுத்தவர். அந்த வீட்டுப் படியில் பவுடர் ஏறியதைப் பார்த்ததும் நான் தெருமுனைக்குப் போய்விட்டேன். அரை மணி கழித்து அவர் திரும்பி வந்தார். மொட்டைமாடியில் கருவாடு காய்கிறது. படம் எடுக்கிற நேரம் முழுக்கக் காக்காய் ஓட்ட வேண்டும். சரோஜாம்மாவின் நிபந்தனை அது ஒன்றுதான்.

அங்கிருந்து பார்த்தால், எங்கள் மேற்கு ஜன்னல் வழியே, எதிரே ஆடுகிறவரின் தோளுக்கு மேலாக, ஸ்டெல்லாவின் முகமும் கையும் பாதிப் பலகையும் கச்சிதமாக விழுந்தன. நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை வெயில் நேராக உள்ளே பாய்ந்தது. பாய் சொன்ன நல்ல வெயில். ஐந்துக்குப் பிறகு பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழுந்துவிடும். ஆட்டம் நாலுக்கு ஆரம்பம். ஒரு கேம் முடிந்ததும் ஆடுகிறவர்கள் இடம் மாறுவார்கள். ஆகவே முதல் கேமில் ஸ்டெல்லா ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் படம். இல்லாவிட்டால் அவள் முதுகுதான் கிடைக்கும்.

கேரமில் டாஸ் ஜெயித்தவர் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்: ஸ்ட்ரைக் என்கிற முதல் அடி, அல்லது உட்காரும் பக்கம். விவரம் தெரிந்த யாரும் பக்கம் கேட்க மாட்டார்கள். முதல் அடி கையில் இருந்தால் பாதி ஆட்டம் கையில். அதிலும் கண்ணில் வெயில் அடிக்கிற பக்கத்தை யார் கேட்பார்கள்?

இதைப் பவுடரே ஸ்டெல்லாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"டாஸு கெலிச்சா ஸ்ட்ரைக் எட்த்துக்கோ. என்னிய பாக்காத. சேர் தானா அமைஞ்சா அமையட்டும்."

"அமையலன்னா நீ இங்க வர மாட்டியே மாமு."

"நீ கெலிச்சா போதும்மே. நான் ரோட்ல நின்னு கேட்டுக்கறேன்."

ஸ்டெல்லா இந்த வருடமும் ஃபைனலுக்கு வந்தாள். ஃபைனல் அன்று அறையில் நாற்பத்திரண்டு பேர். ஜன்னல் பக்கம் ஒரு தலைகூட வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எதிர் மாடியில் பவுடர், கருவாட்டுக்கு நடுவில், குல்லாவைக் கழற்றிய லென்ஸோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சரோஜாம்மா. நடுவர் ஒரு காயை உள்ளங்கையில் மறைத்து, எந்தக் கை என்று கேட்டார். ஸ்டெல்லா சரியாகச் சொன்னாள். டாஸ் அவளுக்கு.

அவள் ஜன்னலை ஒரு முறை பார்த்தாள்.

"அந்த சேர் குடுங்க சார்."

நடுவர் காதில் விழாதவர் போல, ஸ்ட்ரைக் வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அறையில் முணுமுணுப்பு எழுந்தது. எதிர் மாடியிலிருந்து பவுடரின் குரல் தெருவைத் தாண்டி வந்தது. "ஸ்ட்ரைக்கு எடுடி லூசு!"

"நீ படத்த புடி மாமு" என்று சொல்லிவிட்டு, அவள் வெயிலில் போய் உட்கார்ந்தாள்.

முதல் கேம் கையைவிட்டுப் போனது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஆடினாள். எதிராளி முதல் அடியின் லாபத்தை விடவே இல்லை. மூன்று பாயின்ட்டில் தோற்றாள். நாற்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான்தான் அந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தவன் போல. இடம் மாறினார்கள். நிழல் விழுந்தது. இரண்டாவது கேமை ஸ்டெல்லா ஜெயித்தாள். மூன்றாவதையும் ஜெயித்தாள்.

பவுடர் மாடியேறி வந்தார். உடம்பெல்லாம் கருவாட்டு வாசனை. படம் வந்ததா என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். அவர் எங்களுக்குப் பதில் சொல்லாமல் முதலில் கேட்டது ஒன்றுதான்: "கெலிச்சிகீதா?"

மொத்தம் நூற்றுப் பதினேழு படங்கள். இருபதில் காக்காயின் வால். பத்தில் ஜன்னல் கதவு. மூன்றில் என் வழுக்கைத் தலை. அதற்காக இன்றும் திட்டு வாங்குகிறேன். கடைசி அரை மணிப் படங்களில் மட்டும் காக்காய் இல்லை. சரோஜாம்மா தானே துண்டை வீசி ஓட்டிக்கொண்டிருந்தாராம். இரண்டு கருவாடு போனதைக்கூட அவர் கவனிக்கவில்லையாம்.

அவற்றில் ஒரு படம். ஸ்ட்ரைக்கர் விரலைவிட்டுப் போய்விட்டது. விரல் இன்னும் நீட்டியபடி நிற்கிறது. பலகையிலிருந்து எழுந்த வெள்ளைத் தூசி வெயிலில் புகையாகத் தொங்குகிறது. அதற்குப் பின்னால் ஸ்டெல்லா, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து. பாக்கெட்டின் விளிம்பில் ஒரு கறுப்புக் காய். சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி இருந்தாள். நாலு தலையும் இல்லை, வேடிக்கை பார்ப்பவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படம் வந்தது, இரண்டு பத்தி அகலத்தில். தெருவில் பத்திரிகை தீர்ந்துவிட்டது. நானே ஆறு பிரதி வாங்கினேன். ஸ்டெல்லா தன் பெயரைக்கூடப் படிக்காமல் அந்தக் கறுப்புக் காயின்மேல் விரலை வைத்து, இது வுழுந்திச்சி என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பவுடர் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நேராகப் பாரிமுனைக்குப் போனார். நானும் போனேன். பாயின் மேசைமேல் அதை விரித்தார்.

"கேரம் பாய். நம்ம ஆட்டம் கேரம்."

பாய் படத்தைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா நாலாயிரத்துக்கு ஒரு சின்ன லென்ஸ் குடுத்திருப்பேனே பெரியவரே."

"குடுத்திருப்ப நைனா. நாலு தலையும் ஒரு பலகையும்தான் வந்திருக்கும்."

பாய் எழுந்து வந்து கைகொடுத்தார். அன்று அந்தக் கடையின் கறுப்புத் துணி போட்ட மேசையில் ஐந்து விரல்கள் பதிந்தன. பாய் துடைக்கவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டுக் கவுன்சிலர் போன் செய்து பாராட்டினார். கூரைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றும் சொன்னார். மழைக்காலம் வந்தது, கூரை வரவில்லை. ஓட்டை இப்போது ஏழு. ஒருவர்கூட அந்த இருபத்தைந்தாயிரத்தைப் பற்றிப் பேசுவதில்லை, நான்கூடப் பேசுவதில்லை. பெரிய ஓட்டை நடுப் பலகைக்கு நேர் மேலே இருக்கிறது. மழை பிடித்தால் பவுடர் அந்தப் பலகையைத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே ஸ்டெல்லாவின் ஆட்டத்தைப் பார்க்கிறார். தள்ளி உட்காரச் சொன்னால், இங்கிருந்துதான் தூரம் சரியாக இருக்கிறது என்கிறார்.

எனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். ஆனாலும் பின்னால் நின்று, என் குடையை அவர் தலைக்கு மேல்தான் பிடித்துக்கொள்கிறேன்.