மின்கம்பத்தில் மதியழகன்

இந்தக் காலத்தில் எவனுக்கும் பிறந்தநாள் வந்தால் வீட்டுக்குள் ஒரு லட்டைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கத் தெரிவதில்லை. மூஞ்சியை ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸில் அடித்து மின்கம்பத்தில் கட்டியாக வேண்டும். அடியில் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் கூலிங்கிளாஸ் போட்ட பத்துத் தடியன்கள். கட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம்; எவன் கேட்கிறான்?

ஸ்ரீராம்புரத்தில் தன் தெருவிலேயே அப்படி ஒரு கம்பத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கித் திரும்பிய மதியழகன் தன் மூஞ்சியையே பார்த்தார். படத்தைச் சுற்றி ரோஜா மாலை. பக்கத்தில் எரியும் குத்துவிளக்கு. மேலே கொட்டை எழுத்தில்: கண்ணீர் அஞ்சலி.

பால் பாக்கெட் கையிலிருந்து நழுவி ரோட்டில் உடைந்தது.

அடியில் ஒரே ஒரு வட்டம். அதற்குள் கூலிங்கிளாஸ் போட்டு, கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிரித்தான் எமில். அவர் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் டென்மார்க்குப் பையன்.

மல்லேஸ்வரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவன் அங்கே போக, அவனுக்குப் பதிலாக இவன் ஆறு மாதம் படிக்க இங்கே வந்திருந்தான். மதியழகனுக்கு அதிலேயே சந்தேகம். "நல்ல பையனா இருந்தா அவங்களே வெச்சிக்கமாட்டாங்களா?"

வந்த நாலு மாதத்தில் தமிழ் பேசப் பழகி, தெரு முழுக்க அவனுக்குச் சிநேகம். அம்மன் திருவிழா ஃப்ளெக்ஸில் இருந்தான். தெருப் பையன் தினேஷின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் நடுவரிசையிலேயே இருந்தான். அவனுடைய குட்மார்னிங்குக்குப் பதில் சொல்லாத ஒரே ஆள் வீட்டுக்காரர்தான்.

"டேய் எமில்! எறங்குடா கீழ!"

எமில் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ஹேப்பி பர்த்டே அங்கிள்! பாத்தீங்களா? சர்ப்ரைஸ்!"

"நான் செத்துட்டேன்னு போட்டிருக்குடா!"

ஏற்கெனவே வெள்ளையான முகம் இன்னும் வெளுத்தது. "ரக்ஷிதாகிட்ட உங்க போட்டோ வாங்கிட்டுப் போய் நான் பலூன் கேட்டேன் அங்கிள். விளக்கு வந்துச்சு. எங்க ஊர்ல பர்த்டேக்குக் கொடி கட்டுவோம், மெழுகுவத்தி வெப்போம். இங்க விளக்கு போலன்னு நெனச்சேன்."

"பாவம்பா, அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதில்ல?" என்றாள் மகள் ரக்ஷிதா, நைட்டியோடு நின்று காபியை ஆற்றிக்கொண்டே.

"நீ போய்ப் பட்டுப்புடவை கட்டு. பதினொரு மணிக்கு அவங்க வராங்க."

அவர்கள் என்றால், கோலார் தங்கவயலிலிருந்து பெண் பார்க்க வரும் ஞானசேகரன் குடும்பம். இரண்டு வரன் தட்டிப்போய் வந்த மூன்றாவது. மூன்று மாதமாக வேணாம் வேணாம் என்று முனகிய ரக்ஷிதா முந்தாநாள்தான் வாயை மூடியிருந்தாள். ஞானசேகரன் சகுனம் பார்க்கிற மனுஷன். பூனை குறுக்கே போனாலே அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார்.

ஃப்ளெக்ஸைக் கழற்ற முடியவில்லை. கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள், பக்கத்திலேயே கரண்ட் ஒயர். மதியழகன் வீட்டுக்குள் ஓடி, மனைவி ருக்மிணியின் புது வெள்ளைப் போர்வையை எடுத்துவந்து, கம்பால் தூக்கி ஃப்ளெக்ஸின் மேல் போட்டார்.

அது வெறும் அஞ்சலியைவிட மோசமாக இருந்தது. சும்மா போன ஸ்கூட்டர்களும் நின்றன.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா தலைவிரி கோலமாக வந்தாள். "அய்யோ ருக்மிணி! நேத்துகூட தண்ணிக் கொழாயில எங்கூட சண்டை போட்டாரேம்மா!"

"லட்சுமம்மா, நான் இங்கதான் நிக்கிறேன்."

"அய்யய்யோ தேவ்ரே!" என்று லட்சுமம்மா கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

முந்திக்கொள்வது நல்லது என்று மதியழகன் ஞானசேகரனுக்குப் போன் போட்டார். "மதியழகன் பேசறேன். வழியில எதுனா பாத்தா தப்பா நெனைக்காதீங்க. நான் உயிரோடதான் இருக்கேன்."

"இல்லன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எழுதித்தான் வெச்சிருக்காங்க."

போன் வைக்கப்பட்டது.

அதற்குள் யாரோ சொல்லி அனுப்பித் தப்பு அடிக்கிறவர்கள் நாலு பேர் வந்து, காகிதத்தைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். கூட வேலை பார்த்த கிருஷ்ணப்பா பெரிய மாலையோடு ஆட்டோவில் இறங்கினார்.

"கிருஷ்ணப்பா, நான் சாகல."

"சந்தோஷம் மதி. ஆனா பூக்கடைக்காரன் மாலையைத் திருப்பி வாங்கமாட்டானே." கிருஷ்ணப்பா அதை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

ஆளை நேரில் பார்த்தால் நம்புவார்கள் என்று மதியழகன் மாலையோடு கம்பத்தடியிலேயே நின்றுகொண்டார். தன்னால் வந்த வினையைத் தானே சரிசெய்ய நினைத்த எமில், தப்புக்காரர்களிடம் போய், "அண்ணா, பர்த்டே! ஹேப்பியா அடிங்க!" என்றான்.

அவர்கள் அடித்தார்கள். காற்றும் அடித்தது. போர்வை பறந்து போய் லட்சுமம்மா மேல் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. உள்ளேயிருந்து ஞானசேகரன் சம்சாரம் எட்டிப் பார்த்தாள். மேலே மாலையோடு படம். கீழே மாலையோடு மனுஷன். சுற்றிலும் தப்புச் சத்தம். எதிரே ஒரு வெள்ளைக்காரன் ஆட்டம்.

"திருப்புப்பா வண்டியை," என்றாள்.

வீட்டில் ருக்மிணி அழுதுகொண்டிருந்தாள். ரக்ஷிதா நைட்டியோடு இரண்டாவது தட்டு கேசரி தின்றுகொண்டிருந்தாள். அதிர்ச்சியில் சிலருக்குப் பசிக்கும் என்று மதியழகன் நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கே ரூமைக் காலி பண்ணு," என்றார் எமிலிடம்.

எமிலுக்குக் கண் கலங்கியது. "நீங்க மட்டும்தான் அங்கிள் எங்கூட பேசமாட்டீங்க. அதுக்குத்தான் உங்களுக்கு ஃப்ளெக்ஸ்."

"நடிக்காத. எந்தக் கடைடா? வா, உன் எதிர்லயே கேக்கறேன்."

கடை ஓகாலிபுரத்தில். ஃப்ளெக்ஸ் அடிக்கும் சீனு வாசலில் வந்து நின்ற உருவத்தைப் பார்த்ததும் மெஷினுக்குப் பின்னால் பதுங்கினான். "சார்... நீங்க... அந்த மதியழகன்..."

"உயிரோடதான் இருக்கேன், வெளிய வா. இந்த வெள்ளைக்காரன் உங்கிட்ட என்னடா சொன்னான்?"

"இந்தத் தம்பி பலூன் போட்ட பர்த்டே டிசைன்தான் சார் சொல்லிட்டுப் போச்சு. நேத்து சாயந்திரம் உங்க பொண்ணுதான் வந்து, அப்பா போயிட்டாருன்னு கண்ணைத் தொடைச்சிக்கிட்டே, 'இதை மாத்திடுங்கண்ணா, பதினொரு மணிக்கு ஆளுங்க வருவாங்க, அதுக்குள்ள கம்பத்துல ஏத்திடுங்க'ன்னாங்க."

மதியழகன் சீனுவை மேலும் கீழும் பார்த்தார். எமிலையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு எம்பொண்ணு மேல பழி போடறீங்களா? இந்த ஊர்ல நான் நம்பற ஒரே ஆளுடா அவ," என்று சொல்லிவிட்டு, கழுத்து மாலையைக் கழற்ற மறந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.