அட்டையில் குனிந்திருப்பவன்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அன்பும் ஆத்திரமும் சம அளவில் கலந்து உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். நீயும் உன் தூரிகையும் நலமாக இருப்பதைக் கடைத்தெரு முழுக்கக் கண்ணாரக் கண்டேன்.

போன முறை நீ பல்வலி என்று வந்து என் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபோது, நான் உன் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்! இப்போது நீ வரைந்த காதல் நாவல் அட்டையில் (தலைப்பை எழுத என் பேனா கூசுகிறது) ஒருத்தி தலையைச் சாய்த்து, உதடு பிரிந்து, கண் செருகிக் கிடக்கிறாள். அவள்மேல் குனிந்திருப்பவன் நான். அதே மூக்கு, அதே புருவத்து மச்சம். கழுத்துக்கு மேலே நான், கீழே எவனோ பயில்வான். சட்டைக்குப் பொத்தானும் கிடையாது.

முதலில் கண்டுபிடித்தது என் வரவேற்பு மேசைப் பெண்தான், எக்ஸ்ரே உறைக்குள் ஒளித்துவைத்துப் படித்திருக்கிறாள், அவளிடமிருந்து காத்திருப்போர் பெஞ்சு முழுக்கப் புத்தகம் கைமாறிவிட்டது, இது தெரியாமல் நான் ஒரு தலைமையாசிரியை அம்மாவிடம் பல் பார்க்கும் கண்ணாடியோடு குனிந்து, "நல்லா வாயைத் திறங்கம்மா" என்றேன், அவர் என்னை அண்ணாந்து பார்த்தார், பொங்கிச் சிரித்தார், என் விரலைக் கடித்துவிட்டார். அடுத்த முறை அவர் கணவரும் உள்ளே வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "நீங்க வேலையப் பாருங்க டாக்டர், நான் சும்மாதான் இருக்கேன்!" பொறுக்க முடியாமல், இருக்கிற பிரதிகளையெல்லாம் வாங்கி எரித்துவிடலாம் என்று புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினார்: 'கதாநாயகன் அடுத்த தெருவில்தான் பல் பிடுங்குகிறார்.'

உன் அக்காவிடம் நியாயம் கேட்டேன். அட்டையை வெளிச்சத்தில் பிடித்து என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முகமெல்லாம் சரியாத்தான் வரைஞ்சிருக்கான். என்னை எப்ப இப்படிப் பாத்தீங்கன்னுதான் ஞாபகம் வரல."

தினமும் ஊராரின் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பவன், அட்டையை வாங்கி நானும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அன்றிலிருந்து, பல வருடமாக என் மருத்துவமனைப் பக்கமே எட்டிப்பார்க்காதவள், சாயங்காலமானால் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால், "ஊருக்கே பொதுவாயிட்டீங்க, காவல் வேணாமா?" என்கிறாள். இருவருமாக நடந்தே வீடு திரும்புகிறோம். வழியெல்லாம் பேச்சு.

பதிப்பகத்துக்கும் காட்டமாக எழுதிவிட்டேன். மறுபதிப்பிலாவது அந்த ஆளுக்குத் தாடி வை, இல்லை முதுகைக் காட்ட வை. என் மானம் உன் கையில்.

பல்லும் சொல்லும் உறுதியாக, நீடூழி வாழ்க!

இப்படிக்கு,
நேற்றுவரை கௌரவமாக வாழ்ந்த
உன் அத்தான்

பி.கு.: பதிப்பகத்தார் இப்போதுதான் பேசினார்கள். என் புகாரை ஏற்று, இனி அட்டையில் வெறும் ரோஜாப்பூதானாம். உன் அக்கா கேட்டுவிட்டு, "அப்ப நாளையிலேருந்து நீங்க தனியாவே வந்துடுவீங்கல்ல?" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. உடனே ஓடு, அந்த ரோஜாவை நிறுத்து. புதிதாக வரைய வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. சும்மாதான் இருப்பேன், வெளிச்சமும் நன்றாக இருக்கும்.